அப்பத்தாவிடமிருந்து உனக்கு வந்த எக்ஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்குப் பிறக்கப்போவது பையனானால், சிவப்பு, பச்சையைச் சரியாகப் பிரிக்க முடியாத என் நிறக்குருடு அவனுக்கும் வருமா என்று போனில் கேட்டாய். வரலாம், பாதிக்குப் பாதி. போனில் அதற்குமேல் விளக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மிளகாய்ச் செடியில் காய் எது, பழம் எது என்று நான் உன் அம்மாவைக் கேட்டுத்தான் பறிப்பேன். இலைக்குள் இருக்கும் சிவப்பு எனக்கு எடுபடாது. சிவப்பு, பச்சை பார்ப்பதற்கான ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இருக்கின்றன. ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நமக்கு 23 ஜோடி; ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. மற்ற 22 ஜோடிகளில் ஒன்றில் கோளாறு என்றால் பெரும்பாலும் அதன் ஜோடி சமாளித்துவிடும். 23-ஆவது ஜோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு மட்டும் ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்த எக்ஸ் பழுதானால் கைகொடுக்க ஆளில்லை.

என் எக்ஸ் உன் அப்பத்தா தந்தது. அவரோ ஜவுளிக்கடையில் அரக்கு எது, மெரூன் எது என்று பிரித்துச் சொல்வார். அவருடைய இன்னொரு எக்ஸ் அவரைக் காப்பாற்றியது. உன் தம்பிக்கு நான் தந்தது ஒய், அதனால் அவன் தப்பித்தான். உனக்குத் தந்தது அந்த எக்ஸ். என்னிடம் அதற்கு ஜோடி இல்லாததால் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிட்டது.

உன்னிடம்தான் அதற்கு உன் அம்மாவின் எக்ஸ் ஜோடி சேர்ந்தது. கருமுட்டை உருவாகும்போது ஜோடிகள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அடுப்படியில் ஒரு கரண்டியைக்கூடக் கொடுத்து வாங்காத மாமியாரும் மருமகளும் உனக்குள்ளே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! அதுவும் நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோதே. பெண் குழந்தை பிறக்கும் முன்பே அந்த வேலை நடந்து, அப்புறம் பல வருஷம் பாதியில் நிற்கும்.

ஒவ்வொரு ஜோடியிலும் எது பிள்ளைக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். இந்த மாற்றலைச் சேர்க்காமலே 23 ஜோடிக்கு 83,88,608 விதம் வரும். நம் பெரியவர்கள் சொன்ன 84 லட்சம் பிறவிக்குப் பக்கத்தில் வந்தது தற்செயல்தான். சித்தப்பா காதில் போட்டுவிடாதே, மேடை போட்டுவிடுவார்.

பெண்ணாகப் பிறந்தால் கவலையில்லை, மாப்பிள்ளையின் நல்ல எக்ஸ் இருக்கிறது. உன்னைப் போல அவளும் சுமந்து போகலாம், அவ்வளவுதான். பையன் என்றால், விவரம் தெரிகிற வயதில் கண் டாக்டரிடம், நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல். எண் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விரலால் கோட்டைத் தொடர்வதற்கும் அதில் அட்டை உண்டு. குறை இருந்தால் பள்ளியில் சேர்க்கும்போதே டீச்சரிடம் சொல்லிவிடு. மரத்துக்குப் பச்சையில் தண்டும் பழுப்பில் இலையும் தீட்டியதற்கு நான் வாங்கிய அடி அவனுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா