கடைசிப் பருவம் வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் வேலைவாய்ப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம். இறுதியாண்டு மாணவர்களை வேலைக்குத் தயார்படுத்த நீங்கள் நடத்திய ஒருநாள் பயிற்சி முகாம் எப்படி நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முகாம் முடிந்த சில நாளில் என் மகளுக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. இரண்டு நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். அதில் போட்டிருந்த ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் அவ்வளவு கைக்கு வரும் என்று நம்பிவிட்டாள். வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) நிறுவனம் கட்டும் பங்கும், கிடைத்தால் உண்டு என்கிற ஊக்கத்தொகையும் அந்தத் தொகைக்குள்ளேயே இருந்தன. இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தது. அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். விளக்கம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குப் போனவளுக்குக் கிடைத்த பதில்: "நீ போடாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்."

ஒரு பாடத்தில்கூடத் தவறாத பெண் அவள். ஆனால் ஒரு வேலை ஒப்பந்தத்தைப் பிரித்துவைத்து, எந்த வரியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டில் எந்த வகுப்பிலும் யாரும் காட்டவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஐயா.

நான் கேட்பது ஒன்றுதான். முதலாண்டிலிருந்தே, வாரம் ஒரு மணி நேரம், எல்லா மாணவர்களுக்கும் தனக்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுப்பதையும் ஒப்பந்தத்தைப் படிப்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

இது புதிதாக யோசித்துச் சொல்வதல்ல. ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டும் மையத்தைத் திறந்தது 1908இல். முதலில் உன்னை அறி, அப்புறம் வேலைகளை அறி, பிறகு இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் காட்டிய முறை. அதற்கும் முன்பே, 1906இல், அதே நாட்டின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களோடு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் படிப்பைத் தொடங்கினார். படிக்கும்போதே வேலையைப் பார்த்துவிட வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே புரிந்திருக்கிறது. நாம் மட்டும் கடைசிப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ரெஸ்யூமேயைக் கொடுத்து, பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளை அந்த முகாம் அரங்குக்குள்ளேயே விடவில்லை. வழிகாட்டல் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே? மேற்படிப்பா, சொந்தத் தொழிலா என்று குழம்பி நிற்பவர்களுக்கும் அங்கே பதில் இல்லை. விளம்பரப் பலகையில் படம் போடத்தக்க சிலர் மட்டும்தான் உங்கள் மாணவர்களா? கட்டணம் எல்லோரிடமும்தானே வாங்கினீர்கள்?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களின் வேலைச்சுமை எனக்குத் தெரியும். அதனால்தான் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிறேன். முன்னாள் மாணவர்களைக் கூப்பிடுங்கள். முதல் வேலையில் பட்ட சிரமத்தை அவர்கள் சொல்லட்டும். சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர நானே வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையை முடிவு செய்வதற்குள், முதலாண்டு மாணவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் தாய்