பார்வையாளர் எங்கே நிற்பது? மலைநாட்டுப் பந்தய ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் மலைநாட்டில் மோட்டார் பந்தயங்களை நடத்தும் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவை நரியாகந்தைப் பந்தயத் தடத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் இறந்தனர். இருபது பேருக்கு மேல் காயமடைந்தனர். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி அது. பிழை சாரதியுடையதா, காருடையதா என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். பந்தயம் என்றால் ஏதோ ஒரு கார் எப்போதாவது தடம் விலகத்தான் செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது விலகிப் போகக்கூடிய இடத்தில் ஆட்கள் ஏன் நின்றார்கள் என்பதைப் பற்றியே இந்த மடல்.

இதை எழுதுபவன் பந்தயம் பார்த்தே வளர்ந்தவன். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே ஏறும் தோட்டப் பாதையே அதற்குத் தடம். ஒரு நேரத்துக்கு ஒரு கார்தான் போகும், கடிகாரத்தோடுதான் போட்டி. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால், கொழும்பில் உறுமிய எஞ்சின் இங்கே வந்து முக்கும். அந்த முக்கலைக் கேட்டே வருவது எந்தக் கார் என்று சொல்லிவிடும் பொடியன்கள் எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குத் தோட்டம் மூடியதும் ராதெல்லை, நுவரெலியா, தியத்தலாவை என்று எங்கே பந்தயம் நடந்தாலும், லொறி பிடித்தாவது போய்விடுவோம். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கேளிக்கை அதிகம் இல்லாத எங்களுக்கு அது பெருநாள்.

அப்படிப் போன ஒரு பந்தயத்தில் (எந்த ஊர், எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டாம்) சித்தப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வளைவின் வெளிப்பக்கத்தில் நின்றார். அங்கேதான் கார் கிட்டத்தில் தெரியும். காருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சணல் கயிறு மட்டும் இருந்தது. ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொன்னார்கள், பக்கத்தில் கடலைச் சுருளோடு நின்ற அக்காமார் "என்னவாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த கார் வளைவில் பின்பக்கத்தை வீசித் திரும்பியபோது, தெறித்து வந்த சரளைக்கல் ஒன்று சித்தப்பாவின் முழங்காலுக்குக் கீழே பட்டு இரத்தம் வந்தது. அந்த இடத்தை விட்டு எல்லோரும் மேலே ஏறும்படி அறிவித்தார்கள் என்பது, சிங்களம் தெரிந்த ஒருவர் திரும்பி வரும் வழியில் லொறியில் வைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

உலகத்தின் பெரிய பந்தயத் தடங்கள் இந்தப் பாடத்தை மலிவாகக் கற்கவில்லை. 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் தடத்தோர மண்கரையில் மோதிச் சிதற, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடை செய்தது. லெ மான் தடத்தில் திருத்த வேலை நடந்ததால், வழமையாக ஜூன் மாதத்தில் நடக்கும் பந்தயம் 1956இல் ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப்போனது. வேலை முடியும் வரை திகதி காத்திருந்தது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். இத்தாலியின் மொன்சாவில் 1961இல் 15 பார்வையாளர்களும் ஒரு சாரதியும் இறந்தார்கள்.

அக்கரைக்குப் போனால் சென்னைக்கு அருகே சோழவரம் இருக்கிறது. உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்றையே அங்கே தடமாக்கி ஓட்டினார்கள். இலங்கைச் சாரதிகளும் போய்க் கலந்துகொண்டார்கள். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது. எங்கள் நாட்டின் கட்டுக்குருந்தைப் பந்தயத் தடமும் ஓடுபாதையாக இருந்ததுதான். ஓடுபாதை சமநிலம், தவறிய கார் உருண்டு ஓய்வதற்கு அங்கே வெளி இருக்கும். மலையில் அந்த வெளி கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஆகவே சமவெளித் தடத்துக்குப் போதுமான ஏற்பாடு இங்கே போதாது.

மண்மேடு இயற்கையாய் அமைந்த காவல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரிவாக இருக்கும் மேடு, வேகமாக வரும் காரை நிறுத்துவதற்குப் பதிலாக மேலே தூக்கி எறியவும் கூடும். தடத்தைப் பார்த்த முகத்தைச் செங்குத்தாக வெட்டினால்தான் அது தடுப்பாகும். அடுக்கி வைத்த பழைய டயர்களும் அப்படித்தான். ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கி, முன்னால் ரப்பர் பட்டி கட்டினால் அவை மோதலை வாங்கும். சும்மா அடுக்கினால் டயரே பறந்து வந்து ஆளை அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடி தவறிய கார் வளைவின் வெளிப்பக்கமாகவே போகும் என்பதால், அங்கும் நேர்பாதை முடியும் இடத்திலும் யாரும் நிற்கக் கூடாது. கார் நன்றாகத் தெரிவதும் அந்த இடங்களில்தான் என்பதால் ஒரு கயிற்றை நம்பிக் கூட்டத்தை விட முடியாது. ஆள் ஏற முடியாத வேலியே அங்கே வேண்டும்.

அடுத்த பந்தயத்துக்குத் திகதி குறிப்பதற்கு முன், தடத்தின் வரைபடத்தில் மக்கள் நிற்கும் இடத்தையும் நிற்கக் கூடாத இடத்தையும் குறித்து வெளியிடுங்கள். பண்டாரவளை, அப்புத்தளை, நுவரெலியா பஸ் நிலையங்களில் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். கூட்டம் அந்தக் கோட்டைத் தாண்டினால் பந்தயத்தை அங்கேயே நிறுத்தும் அதிகாரத்தை, அனுசரணையாளருக்கோ நேர அட்டவணைக்கோ பதில் சொல்ல வேண்டியிராத ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் ஆட்களும் குறை இல்லாதவர்கள் அல்லர். மரத்தில் ஏறுவார்கள், வேலியை விலக்குவார்கள், சொன்னால் முறைப்பார்கள். ஆனால் விளங்கும் மொழியில் சொன்னால், பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவன் இரண்டடி பின்னே போவான்.

தமிழில் அறிவித்தல் எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால், நான் எழுதித் தருகிறேன். பந்தய நாளன்று காலையிலேயே வந்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று வாசிக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பண்டாரவளைப் பக்கத்துப் பந்தய ரசிகன் ஒருவன்