நீ கேட்ட ரோட்டோர ஊர்கள்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். மிசோரத்தில் ஐசாலைத் தாண்டிப் போனால் ஊரெல்லாம் ரோட்டை ஒட்டியே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறதே, உள்ளே அத்தனை மலை கிடந்தும் ஏன் ஆள் இல்லை என்று. தெரியாது என்று சொன்னேன். அது பொய். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். அவளிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

1967-இல் எனக்கு 21 வயது. பட்டாளத்தில் லாரி டிரைவர். அந்த மலைக்குத்தான் அனுப்பினார்கள்.

அதற்கு முன்கதை கொஞ்சம் தெரிந்துகொள். 1959-இல் அங்கே மூங்கில் பூத்தது. சுமார் 48 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். அந்த விதையைத் தின்று எலி பெருகி, வயலையும் நெற்குதிர்களையும் காலி செய்தது. மாவ்தாம் என்பார்கள். அப்போது மிசோரம் அசாமின் ஒரு மாவட்டம். பஞ்சத்தில் தங்களைக் கைவிட்டார்கள் என்ற கோபம் மக்களுக்கு. நிவாரணம் கொடுக்க லால்டெங்கா தொடங்கிய அமைப்புதான் 1961-இல் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966 பிப்ரவரி 28 இரவு ஆயுதத்தோடு கிளம்பினார்கள். மறுநாள் தனிநாடு என்று அறிவித்தார்கள். மார்ச் 5 அன்று நம் விமானங்களே ஐசால் மேல் குண்டு போட்டன. அரசாங்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே நான் போனபோது, விமானச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடினார்கள். அதைப் பார்த்தவன் நான்.

போராளிகள் கிழக்குப் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டிப் போய் வந்தார்கள். சோறும் சேதியும் கிராமங்களில் கிடைத்தது. கிராமமே இல்லாமல் செய்துவிட்டால்? மக்களை ஊரோடு பெயர்த்து, காவலுக்குள் ஓரிடத்தில் அடைப்பது. மலேயாவில் வெள்ளைக்காரன் செய்த வழி அது. 1967 ஜனவரியில் இங்கேயும் தொடங்கியது. முதலில் சில்சாரிலிருந்து ஐசால் வழியாக லுங்லேய் போகும் ரோட்டோரம் 18 இடங்கள். எல்லாம் முடிந்தபோது 500-க்கும் மேற்பட்ட ஊர்களை 110 இடங்களில் அடைத்திருந்தார்கள். 'பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமம்' என்று பெயர் வேறு.

அறுவடை முடிந்த நேரம். மலைச்சரிவில் காட்டை எரித்து விதைத்து எடுத்த நெல், குதிர் நிறைய இருந்தது. தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. லாரி உள்ளே போகாது. மக்கள் நடந்து ரோட்டுக்கு வருவார்கள், அங்கிருந்து நான் ஏற்றிப் போவேன். அவர்கள் ஏறும்போதே பின்னால் மலையில் புகை எழும். விட்டுவந்த நெல்லும் வீட்டோடு எரியும்.

ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். முதுகில் பிள்ளை, நெற்றிப் பட்டையில் தொங்கும் கூடையில் நெல். லாரியில் இடமில்லை, கூடையை இறக்கு என்று நான்தான் கையைக் காட்டினேன். பாஷை தெரியாது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. இறக்கி வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி நெல்லை மட்டும் புடவை போல் சுற்றியிருந்த துணியின் முனையில் முடிந்துகொண்டாள். நம் வீட்டிலும் ஆயா விதைநெல்லை அப்படித்தான் முடிந்து வைப்பாள். உத்தரவு யாருடையதாக இருந்தாலும் கையைக் காட்டியது நான், கண்ணு.

எங்கள் பையன்களும் செத்தார்கள். போராளிகள் ரோட்டு வளைவுகளில் பதுங்கியிருந்து சுடுவார்கள். எந்த வளைவு என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. அந்தப் பயமும் உண்மை. ஆனால் வேலியும் ஊரடங்கும் போட்டு, அனுமதிச் சீட்டில்லாமல் வயலுக்குப் போகாதே என்றால் விவசாயி என்ன செய்வான்? ரேஷனுக்கு வரிசையில் நின்றான். அப்படிப் போட்ட ஊர்கள்தான் நீ பார்ப்பவை. 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் ஆனது, அடுத்த வருஷம் தனி மாநிலமும் ஆனது. சண்டை நின்றபோது டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

நீ குடியிருக்கும் வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது என்றாயே. ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் ஊரின் பெயர் என்ன என்று கேள். அவர்களுக்குப் பேச மனமிருந்தால் மட்டும் கேள். உன் அப்பா அங்கே லாரி ஓட்டியவன் என்பதையும் மறைக்காதே. ஊர்ப் பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பு. போனில் சொன்னால் எனக்குச் சரியாகக் காது கேட்காது. நான் போன ரோடுதானா என்று பார்க்க வேண்டும்.

அப்பா