தொப்பூர் இறக்கத்தில் கண்விழித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மார்கழிப் பனியும் பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் நாட்களில், ஓசூரிலிருந்து தொப்பூர் வரை 44ஆம் எண் நெடுஞ்சாலையில் உதவிக்கு நின்ற அனைவருக்கும், இந்தப் பக்கம் லாரியும் வேனும் ஓட்டுகிற எங்கள் வணக்கம்.

முதல் நன்றி, கணவாய் இறக்கம் தொடங்குமுன்பே லாரிகளை ஓரங்கட்டி, கியரில் இறங்கச் சொன்ன காவலர்களுக்கு. மேடு ஏற எந்த கியரோ, பள்ளம் இறங்கவும் அதே கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிமானம் போய்விடும். மொத்த லோடையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க, பிரேக்கை இயக்கும் காற்று டேங்கில் குறையும்; சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி, அதை உரசி நிறுத்தும் லைனர் பிடிக்காது. அதன்பின் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது. அந்த மிச்சக் கணக்கும் பொய்தான். இப்போது வரும் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் வீணாக எரியும்.

புகைந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனவர்களைத் தடுத்த டீக்கடைக்காரர்களை மறக்க முடியாது. சூட்டில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தானாக ஆறவிட வேண்டும். ஆற நேரமாகும்; டீ குடிக்கலாம்!

சூளகிரிப் பக்கம் பனிமூட்டத்தில் நின்றுபோன வண்டிகளுக்குப் பின்னால் நடந்துபோய் எச்சரிக்கை முக்கோணம் வைத்துக் கொடுத்த பஞ்சர் கடைத் தம்பிகளே, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். பத்தடி தள்ளி வைத்தால் பயனில்லை, நூறு மீட்டராவது வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய உதவி, வண்டி கிளம்பியதும் அடையாளத்துக்கு வைத்த கல்லையும் கிளையையும் நீங்கள் அகற்றியது. பலர் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் பைக்கில் வருபவர் அதில் விழுவார்.

ஹைபீமை இறக்கச் சொன்ன சுங்கச்சாவடி ஊழியர்களுக்கும் நன்றி. பனித்துளியில் பட்ட வெளிச்சம் திரும்பி நம் கண்ணில்தான் அடிக்கும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவதையும் நிறுத்தச் சொன்னீர்கள். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்றே பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கு அழைத்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அழைத்தவர்கள் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு, சேலம் போகும் தடமா பெங்களூரு போகும் தடமா என்பதையும் சொன்னார்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலை. தடம் மாறினால் ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் வர வேண்டும். அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் வருமோ என்று தயங்கியவர்களிடம், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தில் உதவுபவரைக் காக்கிறது என்று எடுத்துச் சொன்னவர்களுக்கும் எங்கள் கும்பிடு.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி வாகன ஓட்டுநர்கள்