வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒன்பதுதான் நடந்தன. ஒன்று மழையில் போயிற்று, ஒன்று மாடிச் சாவி கிடைக்காததால் போயிற்று, மூன்றாவதுக்கு நானும் பொருளாளரும் மட்டுமே வந்திருந்தோம். புதிதாக நால்வர் சேர்ந்தார்கள்.

அந்த ஒன்பதில் ஆறை ஒரே புத்தகம் எடுத்துக்கொண்டது: வாய்னிச் சுவடி. யாராலும் படிக்க முடியாத புத்தகம் வாசகர் வட்டத்துக்கு எதற்கு என்று பொருளாளர் முதல் நாளே கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்றுத்தோலில், யாருக்கும் தெரியாத எழுத்தில் எழுதிய, சுமார் 240 பக்கமுள்ள கையெழுத்துப் புத்தகம் இது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனிக்கி நூலகத்தில் 408ஆம் எண் சுவடியாக இருக்கிறது. போலந்து இனத்தைச் சேர்ந்த பழம்புத்தக வியாபாரி வில்ஃப்ரிட் வாய்னிச் 1912இல் ரோமுக்குப் பக்கத்தில் இயேசு சபையாரிடம் வாங்கினார். எழுதியவர் பெயர் தெரியாததால் வாங்கியவர் பெயரே நிலைத்துவிட்டது. தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் கார்பன் சோதனை சொல்கிறது. அந்த வயது தோலுக்குத்தான், எழுத்துக்கு அல்ல என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். சரிதான்.

ஜூன் கூட்டம் களைகட்டியது. யேல் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பினோம். சித்த வைத்தியம் பழகிய நம் மூத்த உறுப்பினர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செடிப் பக்கங்களை ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்துப் பார்த்தார். “இலை ஒரு செடி, பூ வேறு செடி, வேர் மட்டும் யாரோ கனவில் கண்டது” என்றார். அந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றை வேறு யாராலும் உறுதியாக அடையாளம் காண முடியவில்லை. பச்சைத் தண்ணீரில் ஆடையின்றி நிற்கும் பெண்களின் பக்கங்கள் வந்தபோது, பிள்ளைகள் இருந்ததால் நான் சற்று வேகமாகத் திருப்பினேன். அதைக் குறையாக எழுதிக் கொடுத்தவரின் கடிதம் கோப்பில் இருக்கிறது.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். ஓர் உறுப்பினர் நோட்டு நிறையக் குறிப்போடு வந்து, இது தமிழ் என்றார். தாயின் இருக்கிறது, சொல் இருக்கிறது, சோறுகூட இருக்கிறது என்று பக்க எண்ணோடு காட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவர் பார்த்தது மூல எழுத்தை அல்ல, கணினியில் ஏற்றுவதற்காகச் செய்த ‘ஈவா’ என்ற எழுத்துப்பெயர்ப்பை. எழுத்து வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர்கள் வசதிக்காக ஒரு ரோமன் எழுத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். வாயில் நுழையும்படி ஒதுக்கினார்களே தவிர, அதுதான் ஒலி என்று யாரும் சொல்லவில்லை. வேறு மாதிரி ஒதுக்கியிருந்தால் தாயும் இல்லை, சோறும் இல்லை.

அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய பேராசிரியர்களே விழுந்த குழி அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் நியூபோல்ட், எழுத்துக் கோடுகளுக்குள் பூதக்கண்ணாடி வைத்து நுண்ணெழுத்துகளைக் கண்டதாகவும், எழுதியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன் என்றும் 1921இல் அறிவித்தார். அவர் கண்டவை மை காய்ந்ததில் விழுந்த வெடிப்புகள் என்று இன்னொரு பேராசிரியர் ஜான் மேன்லி 1931இல் காட்டினார். 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விடை வந்தது. செய்தி வெளியிட்ட பல்கலைக்கழகமே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றது.

நம் உறுப்பினர் கோபித்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் நல்ல கேள்வி கேட்டதும் அவர்தான். ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று முறைகூட வருகிறதே, எந்த மொழியில் அப்படி வரும்? இரட்டைக்கிளவி என்றார் தமிழாசிரியர் ஒருவர். “இரண்டுக்குச் சரி ஐயா, மூன்றாவதுக்கு என்ன இலக்கணம்?” என்று இவர் மடக்கினார். அடித்தல் திருத்தலும் கிட்டத்தட்ட இல்லை. ஜப்பானியச் சங்கேதத்தை உடைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஃப்ரீட்மனே இதில் தோற்றார். துளையிட்ட அட்டையும் ஒரு பட்டியலும் இருந்தால் இதுபோன்ற பொருளற்ற எழுத்தை உண்டாக்கலாம் என்று 2004இல் ஆய்வாளர் கார்டன் ரக் செய்து காட்டினார்.

ஆகவே இது வெறும் பித்தலாட்டமா என்று கை தூக்கச் சொன்னோம். ஆம் என்று ஏழு பேர், இல்லை என்று பதினொருவர், பொருளாளர் நடுநிலை. நான் ‘இல்லை’ பக்கம். கையெழுத்தை ஆராய்ந்த லிசா ஃபேகின் டேவிஸ் ஐந்து பேர் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். ஐந்து பேர் கூடிச் செய்த ஏமாற்று வெளியே கசியாமல் இருக்குமா? நம் வட்டத்தில் டீச் செலவுக் கணக்கே மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

கணக்கு: கலர் பிரிண்ட் செலவு 1,860 ரூபாய். அதில் ஒரு பக்கம் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு கூட்டம் வரை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. சந்தா பாக்கி பதினாறு பேர். பட்டியலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்