அல்சூர் ஏரி நத்தைகளை எண்ணுவோம்: பெங்களூருத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் அல்சூரில் குடியிருப்பவள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நம் சங்கக் கட்டடத்துக்கு எதிரிலேயே இருக்கும் ஏரியைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கத்தின் பெயரில், அந்த ஏரிக்கரையின் நத்தைகளை நாம் எண்ண வேண்டும். எண்ணியதைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கழிவுநீர் கலந்து, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோனால் அப்படித்தான் நடக்கும். ஏரித் தண்ணீரை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதாமாதம் எடுத்துச் சோதிக்கிறது. ஏ முதல் இ வரை தரம் பிரித்து முடிவையும் வெளியிடுகிறது. நம் நகரத்து ஏரிகளில் பெரும்பாலானவை டி, இ என்ற கடைசி இரண்டு படிகளில்தான் நிற்கின்றன. அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர், அதை மொண்ட நேரத்தின் கதையை மட்டும்தான் சொல்லும்.

பாசி மண்டிய ஏரியில் வெயில் ஏற ஏற பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். பகல் 11 மணிக்கு அளந்தால், மீன்கள் வாழத் தேவை என்று வைத்திருக்கும் லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியே கணக்கு வரலாம். இருட்டிய பிறகு அதே பாசி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கிறது. அடியில் சேற்றில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் இழுக்கின்றன. விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் சாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தில் பாட்டிலோடு போய் யார் நிற்பது? நத்தை அங்கேயே இருக்கிறது. நேற்று ராத்திரியும் இருந்தது, போன மாதம் மழையில் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக என்னென்னவோ வந்து சேர்ந்தபோதும் இருந்தது. நத்தையால் ஓடிப் போக முடியாது. காலையில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவுக்கும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனைக்கும் உள்ள வித்தியாசம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் மாதிரிக்கும் நத்தைக்கும் உள்ள வித்தியாசமும் அதேதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நத்தைகள் எல்லாம் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை என்பது. சிலவற்றுக்குச் செவுள் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் அவை நம்பியிருக்கின்றன. பெல்லாமியா என்ற நத்தை அப்படிப்பட்டது, உடலை உள்ளே இழுத்துக்கொண்டதும் ஓட்டின் வாயை ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளும், முட்டையிடாமல் குட்டி போடும். இன்னொரு கூட்டத்துக்கு நுரையீரல் போன்ற பை இருக்கிறது. மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். லிம்னியா, தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானார்பிஸ், வட அமெரிக்காவிலிருந்து வந்து உலகமெங்கும் பரவிவிட்ட ஃபைசா எல்லாம் இந்த ரகம். இவற்றுக்கு மூடி கிடையாது. சாக்கடைத் தண்ணீரிலும் ஃபைசா சௌக்கியமாகப் பெருகும்.

ஆக, ஒரு கரையில் மூடி போட்ட பெல்லாமியா குறைந்துகொண்டே வந்து, மூடியில்லாத ஃபைசா கூடிக்கொண்டே போனால், அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் அடிக்கடி அற்றுப்போகிறது என்று சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது. ஃபைசாவை அடையாளம் காண்பது எளிது. ஓட்டின் கூர்முனையை மேலே பார்த்த மாதிரி, வாய் நம் பக்கம் இருக்கப் பிடித்தால், வாய் இடது பக்கம் இருக்கும். லிம்னியாவுக்கு வலது பக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இதில் விதிவிலக்குகளும் உண்டு. நீண்டு கூர்மையான மெலனாய்டிஸுக்குச் செவுளும் மூடியும் இருந்தும், அழுக்கை ஓரளவு தாங்கும். வயல்களில் நாம் பார்க்கும் பெரிய நத்தையான பைலாவுக்குச் செவுள், நுரையீரல் இரண்டுமே உண்டு. நத்தையே காணோம் என்றால் உடனே விஷம் என்றும் முடிவு கட்டக் கூடாது. கரையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கலாம், நீர்ச்செடிகளை வாரியிருக்கலாம். அதனால்தான் ஒரு தடவை எண்ணி ஒன்றும் ஆகாது. அதே இடம், அதே முறை, மாதாமாதம் என்று தொடர வேண்டும். எண்ணிக்கை சட்டென்று மாறினால் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். எந்த ரசாயனம் என்று கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை. காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை நத்தை தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தண்ணீரில் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பதும் அதன் சதையில் தெரியவரலாம். (இந்த ஏரி நத்தையை யாரும் பிடித்துச் சமைக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) செம்பு அதற்கு ஆகவே ஆகாது. நத்தையைக் கொல்ல, செம்பு கலந்த மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நீரில் வாழும் சிற்றுயிர்களை வைத்து நீரின் தரத்தைப் பிரிக்கும் முறை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே இருக்கிறது. போலந்தின் வார்சா நகரத்தில் குடிநீரைக் காவல் காக்க எட்டு மட்டிகளை உணரிகளோடு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கெட்டால் அவை ஓட்டை மூடிக்கொள்ளும். நமக்கு உணரியெல்லாம் வேண்டாம். கம்பில் கட்டிய மாவு சல்லடை, கையுறை, ஒரு நோட்டு, கைபேசிக் கேமரா, இவ்வளவுதான் செலவு. காலுவே வந்து சேரும் இடம், நடுக்கரை, தண்ணீர் வெளியேறும் இடம் என்று மூன்று இடங்களில் கால் மணி நேரம் தேடி, வகை வாரியாக எண்ணி, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது, வெறும் கையால் தொடவும் கூடாது. இண்டோபிளானார்பிஸ் போன்ற நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழுக்கள் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

சங்கத்திடம் நான் கேட்பது முக்கியமாக உங்கள் பெயரைத்தான். தனியாளாக நான் கரையில் சல்லடையோடு நின்றால் காவலாளி துரத்துவார். சங்கம் கேட்டால் மாநகராட்சி அனுமதி தரும் என்று நம்புகிறேன். ராணுவத்தின் மதராஸ் சாப்பர்ஸ் இடத்தை ஒட்டிய கரைக்கு அவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கும். அப்புறம், சங்க நூலகச் சுவரில் ஒரு நத்தை அட்டவணை வேண்டும், தமிழிலும் கன்னடத்திலும். அக்கம்பக்கத்துக் கன்னடப் பள்ளிகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வோம். ஏரி எல்லோருக்கும் பொது.

கோடை மழை தொடங்குவதற்கு முன் முதல் எண்ணிக்கையை எடுத்துவிட வேண்டும். சாக்கடைகளைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழைக்கு முன்பு ஏரி எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், பின்னால் எதோடும் ஒப்பிட முடியாது. சம்மதம் என்றால் அனுமதிக் கடிதங்களை நானே எழுதிக் கொண்டுவருகிறேன். சங்கத்தின் முத்திரையும் உங்கள் கையெழுத்தும் போதும்.

அன்புடன்,
அல்சூர்வாசி ஒருத்தி