கடுகில் நச்சு மரபணு: கட்டுரை விட்டுவிட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மரபணு மாற்றுக் கடுகைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செடிக்குள் பாக்டீரியாவின் நச்சு மரபணுவை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். ஆனால் அதே செடிக்குள் அந்த நச்சை அடக்கும் இன்னொரு மரபணுவும் இருக்கிறது என்பது கட்டுரையில் எங்குமே இல்லை. கட்டுரை வந்த வாரமே கோத்தகிரி மார்க்கெட்டில் என் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், இனிமேல் கடுகு தாளிக்கலாமா, கூடாதா?" என்று கவலையோடு கேட்டாள். பல ஆண்டுகள் இந்த மலையில் தாவரவியல் நடத்தியவள் என்ற உரிமையில் விட்டுப்போன பாதியை எழுதுகிறேன்.

அந்த நச்சின் பெயர் பார்னேஸ். பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியா அதைச் சுரந்து வெளியே விடுகிறது. செல்லில் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி அது. தப்பித்தவறி அது உள்ளேயே வேலையைத் தொடங்கினால் பாக்டீரியாவே செத்துப்போகும். அதனால் பார்ஸ்டார் என்ற நச்சுமுறிப் புரதத்தையும் அது தயாரித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. பார்ஸ்டார் வந்து பார்னேஸின் வெட்டும் இடத்தையே அடைத்துக்கொள்ளும். இரண்டு புரதங்கள் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்வது இயற்கையில் அபூர்வம். ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி என்றதும் பயப்பட வேண்டாம், நம் கணையமும் அப்படி ஒன்றைச் சுரக்கிறது. நாம் தின்னும் கீரையிலும் கறியிலும் உள்ள ஆர்.என்.ஏ.வைச் செரிப்பது அதுதான்.

பாக்டீரியாக்களிடம் இப்படி நச்சும் நச்சுமுறியும் சேர்ந்த ஜோடிகள் ஏராளம். 1983இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகுராவும் ஹிராகாவும் ஈ.கோலை பாக்டீரியாவின் எஃப் பிளாஸ்மிடில் கண்ட சிசிடி ஜோடி வேறு வகை. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம். இந்த ஜோடியில் நச்சு நெடுநாள் நிலைக்கும், நச்சுமுறி சீக்கிரம் சிதைந்துவிடும். பாலைப்போல அன்றன்றைக்குப் புதிதாக வேண்டும். செல் பிரியும்போது ஒரு மகள் செல்லுக்கு பிளாஸ்மிட் போய்ச் சேரவில்லை என்றால், அங்கே புதிய நச்சுமுறி உருவாக வழியில்லை. மிச்சமிருக்கும் நச்சு அதைக் கொன்றுவிடும். இப்படித்தான் அந்த பிளாஸ்மிட் தலைமுறை தலைமுறையாக, பாக்டீரியா தன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

சிசிடி ஜோடியின் நச்சு தாக்குவது, டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்யும் டி.என்.ஏ. கைரேஸ் என்ற நொதியை. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் அதே நொதியைத்தான் குறிவைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இதை மிக அழகாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மரபணுவை பிளாஸ்மிடில் செருக வேண்டும் என்றால், நச்சு மரபணு இருக்கும் இடத்தில் அதைச் செருகுகிறார்கள். செருகல் சரியாக நடந்தால் நச்சு போய்விடும், பாக்டீரியா பிழைக்கும். நடக்காதது செத்துவிடும். மறுநாள் தட்டில் வளர்ந்து நிற்பவை அநேகமாக எல்லாம் வேண்டியவையே. பிளாஸ்மிடைக் காப்பாற்ற ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவைச் சேர்க்கும் பழைய வழக்கத்தையும் இந்த ஜோடிகளை வைத்துத் தவிர்க்க முடியும். ஆன்டிபயாடிக் வேலை செய்யாமல் போகிறதே என்று எல்லோரும் கவலைப்படும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

சரி, கடுகுக்கு வருகிறேன். கடுகுப் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நான்கு மஞ்சள் இதழ்களுக்கு நடுவே ஆறு மகரந்தத் தாள்கள், நான்கு நீளம், இரண்டு குட்டை. நடுவில் சூலகம். ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்துவிடும். இரண்டு ரகங்களைக் கலந்து ஹைபிரிட் விதை எடுக்க வேண்டுமானால் தாய்ச் செடியின் மகரந்தத்தைத் தடுத்தாக வேண்டும். ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து இடுக்கியால் தாள்களைப் பிடுங்குவது வகுப்பில் செய்முறைக்கு நடக்கும், ஏக்கர் கணக்கில் நடக்காது.

1990இல் பெல்ஜிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். மகரந்தப்பையின் உள்ளே டபீட்டம் என்று ஓர் அடுக்கு உண்டு. வளரும் மகரந்தத்துக்கு உணவு கொடுப்பது அதுதான். அந்த அடுக்கில் மட்டும் இயங்கும் புகையிலை மரபணு ஒன்றின் சுவிட்சை பார்னேஸோடு இணைத்தார்கள். டபீட்டம் அழிந்தது, மகரந்தம் உருவாகவில்லை, செடியின் மற்ற பாகங்கள் நன்றாகவே வளர்ந்தன. 1992இல் பார்ஸ்டாரைத் தகப்பன் செடியில் வைத்து, பிள்ளைச் செடியில் மகரந்தம் திரும்ப வருவதையும் காட்டினார்கள். கனடாவில் 1990களின் நடுவிலிருந்து இந்த முறையில் உருவான கனோலா என்ற கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்து பயிராகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச்.–11 கடுகும் இதே வழிதான்: வருணா ரகத்தில் பார்னேஸ், இன்னொரு ரகத்தில் பார்ஸ்டார். ஆக, நச்சு வேலை செய்வது தாய்ச் செடியின் மொட்டுக்குள், ஓர் அடுக்கில், சில நாட்கள். எண்ணெயிலோ புரதமே அநேகமாக இருக்காது.

மகரந்தமில்லாத செடி நம் மலைக்குப் புதியதும் இல்லை. கேத்தி, பாலாடா பக்கம் ஹைபிரிட் கேரட் போடுகிறவர்கள், பிடுங்காமல் விட்டுப் பூத்துவிட்ட செடி ஒன்றின் பூவை நெருக்கமாகப் பார்க்கட்டும். ஐந்து தாள்கள் இருக்க வேண்டிய இடத்தில் பல சமயம் இதழ் மாதிரி ஏதோ இருக்கும், அல்லது காய்ந்து பழுப்பான மகரந்தப்பைகள் இருக்கும். அது மரபணு மாற்றம் அல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வரும் இயற்கையான ஆண்மலட்டுத் தன்மை, விதைக் கம்பெனிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கேரட்டில் நமக்கு வேண்டியது கிழங்கு, அதனால் மகரந்தம் திரும்பாவிட்டாலும் நஷ்டமில்லை. கடுகில் விதைதானே விளைச்சல்! அதனால்தான் அங்கே பார்ஸ்டார் கட்டாயம் வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் கடுகுக்கு நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தச் செடியில் மூன்றாவதாக பார் என்ற மரபணுவும் உண்டு. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சக்தியைக் கொடுப்பது அது. விதை உற்பத்தி வயலில் தாய் வரிசையின் செடிகளில் பாதிக்கு பார்னேஸ் வந்திருக்காது. அவற்றைக் களைக்கொல்லி தெளித்து நீக்குவதற்காக அந்த மரபணு. 2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு இந்தக் கடுகைச் சுற்றுச்சூழலில் வெளியிடப் பரிந்துரைத்தபோது, விவசாயியின் வயலில் அந்தக் களைக்கொல்லியைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஆனால் விவசாயி வாங்கும் விதையிலும் அந்தச் சக்தி இருக்கும். களை பறிக்க ஆள் கிடைக்காத காலத்தில், தெளித்தால் களை மட்டும் சாகும் என்று தெரிந்த பிறகு யார் தடுக்கப்போகிறார்கள்? பூச்சிமருந்துக் கடையில் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா? எங்கள் சரிவுகளில் தெளிப்பது எதுவானாலும் அடுத்த மழையில் ஓடைக்கு வருகிறது, அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வியை நான் கடுகுக்காக மட்டும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹைபிரிட் கடுகிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால், சில செடிகளுக்கு நச்சு மரபணு வந்து நச்சுமுறி வராமல் போகும். அவை மகரந்தமில்லாமல் நிற்கும். இதை விதைப் பையின் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும். அப்புறம், எல்லோரும் ஒரே மலட்டுத் தன்மையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1970இல் அமெரிக்க மக்காச்சோளம் சாட்சி. அங்கே பெரும்பாலான ஹைபிரிட்டுகள் டெக்சாஸ் வகை என்ற ஒரே தாய்வழி மலட்டுத் தன்மையில் எடுக்கப்பட்டவை. அந்த வகையைக் குறிப்பாகத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை பரவி, நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிற்று. அங்கே மரபணுப் பொறியியலே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வகை மலட்டுத் தன்மையில் எல்லோரும் விழுந்ததுதான் காரணம்.

2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இந்தக் கடுகுக்குக் கொடுத்த அனுமதி விஷயத்தில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினாலும், மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்றை எல்லாத் தரப்பையும் கலந்து வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். அந்தக் கலந்தாலோசனை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழில் நடக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. விதையைப் பற்றி விவசாயியோடு உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் இந்த மலையிலேயே இருக்கிறார்கள். கடுகைப் பற்றி அடுத்து எழுதும்போது பார்ஸ்டாருக்கு ஒரு பத்தியும், களைக்கொல்லிக்கு இரண்டு பத்திகளும் ஒதுக்குங்கள். பூவின் படம் வேண்டுமென்றால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரைந்து தருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோத்தகிரி.